பூமாரியின் பதினெட்டுக் கட்டங்கள்

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் முன்னால் காலை பஸ் வந்து திரும்பும்போது பூமாரி காலில் உப்பும் புகையிலையும் தேய்த்து முடித்திருப்பார். அட்டைக்கு வேறு மருந்து கிடையாது. மேலே கணவரின் பழைய முழுக்கைச் சட்டை, தோளில் பை. பைக்குள் ஒரு ஜிபிஎஸ் கருவி, ஐம்பது மீட்டர் டேப், பிளாஸ்டிக் உறை போட்ட பரீட்சைப் பேடு, சோற்றுப் பொதி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை, தொடர்ந்து ஐந்து நாள், அவர் மலையில் இருப்பார்.

அவருடைய வேலையைச் சொல்வது எளிது. மலைச்சரிவில் பத்து மீட்டர் நீளமும் பத்து மீட்டர் அகலமுமாகப் பதினெட்டுக் கட்டங்கள் குறித்திருக்கிறார்கள். மூலைக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஒரு சிவப்பு நாடா. பூமாரி ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் போய், வெளியூரிலிருந்து வந்து குடியேறிய செடிகள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இருந்தால் 'உண்டு', எத்தனை என்ற எண்ணிக்கை. இல்லாவிட்டால் 'இல்லை'. அடியில் கையெழுத்து.

பார்க்க வேண்டியவற்றில் முதலாவது ஆனைத்தொட்டாவாடி. தொட்டாச்சிணுங்கிக்குப் பெரியப்பன் என்று வைத்துக்கொள்ளலாம். தொட்டால் அதுவும் இலையை மடக்கும். ஆனால் கூச்சம் அத்தோடு சரி. தண்டு முழுக்கக் கொக்கி முள். கையில் கிடைத்த எதன் மேலும் ஏறும்; ஏறியதைக் கீழே அமுக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, வெயில் கூடி மழை மாறினால் இன்னும் முப்பது வருஷத்தில் எந்த மலையில் எதுவரை ஏறும் என்பதுதான் நகரத்து ஆராய்ச்சி ஆபீசின் கேள்வி. எங்கே இருக்கிறது, எங்கே இல்லை, அங்கங்கே எவ்வளவு சூடு, எவ்வளவு மழை, எவ்வளவு உயரம் என்று கம்ப்யூட்டருக்குக் கொடுப்பார்கள். அது செடியின் குணத்தைப் படித்துக்கொண்டு, வரப்போகும் வருஷங்களுக்கு வரைபடம் போடும். கம்ப்யூட்டர் மலைக்கு வந்ததில்லை. பூமாரி எழுதியதைத்தான் அது மலை என்று நம்புகிறது.

பூமாரி பிறந்ததும் இதே லயத்தில்தான். அப்பா வழி ஆட்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைக்கு வந்தவர்கள். பத்தாம் வகுப்பு வரை விதுரையில் மலையாளத்தில் படித்தார். கொழுந்து கிள்ளினார். பக்கத்து லயத்து மகாராஜாவைக் கட்டிக்கொண்டார். மகாராஜா எஸ்டேட்டில் களைவெட்டு. தேயிலை வேலை குறைந்து நின்றபின் அவர் கீழே ரப்பர் வெட்டப் போனார். பூமாரி வீட்டில் இருந்தார். மூன்று வருஷம் முன்பு ஆபீஸ் ஜீப் வந்து, மலையில் வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று கேட்டபோது லயம் முழுக்க ஒரே பெயரைச் சொன்னது.

முதல் நாளே பூமாரி ஒரு கேள்வி கேட்டார். "இருக்கத எழுதணும், செரி. இல்லாதத எதுக்கு மேடம் எழுதணும்?"

வேலையைச் சொல்லிக்கொடுக்க வந்திருந்த விஞ்ஞானி திவ்யலட்சுமி, நகரத்துக் கிழக்கேகோட்டை அக்கிரகாரத்துப் பெண். பூமாரியைவிடப் பத்து வயது இளையவர். "இல்லைங்கறதுதான் அக்கா கஷ்டம். இருக்குன்னா யாரு வேணா போய்ப் பாக்கலாம். இல்லைன்னா, எழுதினவாளை நம்பறதைத் தவிர வேற வழியே கிடையாது."

பூமாரிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. இத்தனை வருஷ வேலையில் அவரிடம் யாரும் நிறுக்காமல் எதையும் வாங்கிக்கொண்டதில்லை.

ஆபீஸ் குறித்தது மொத்தம் நாற்பது கட்டங்கள். அவற்றில் கீழே விதுரை வரை உள்ள முதல் இருபத்திரண்டை வினீத் என்ற பையன் பார்த்தான். அங்கே முழுக்க 'உண்டு'. மேலே பூமாரியின் பதினெட்டில் முதல் சுற்றில் மட்டும் ஆனைத்தொட்டாவாடி இருந்தது. கை, கழுத்து, நெற்றி எல்லாம் கிழிந்துதான் அன்று வீட்டுக்கு வந்தார். அது பழகுவதற்கான சுற்று என்பதால் ஆபீசில் அதைச் சேர்க்கவில்லை. அதற்குப் பின் பதினொரு சுற்று. பதினொன்றிலும், பதினெட்டுக் கட்டத்திலும், 'இல்லை'.

இந்த ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆபீஸ் சுவரில் வரைபடத்தைப் போட்டுக் காட்டினார்கள். செடி பரவப்போகும் இடம் சிவப்பு. பரவலாம் என்பது மஞ்சள். பரவாது என்பது நீலம். கீழே ஆற்றோரமெல்லாம் சிவப்பாகக் கிடக்க, போனக்காடு மட்டும் நீலமாக இருந்தது.

"ரெண்டாயிரத்து ஐம்பதுலயும் நீலம்தான் அக்கா," என்றார் திவ்யலட்சுமி. "ஒரு உயரத்துக்கு மேல குளிர் இதை விடலைன்னு மாடல் சொல்றது. எவ்வளவு சுத்தமா கோடு விழறது பாருங்கோ!"

எல்லோரும் நேந்திரம்பழத்தில் பொரித்த பழம்பொரி தின்றார்கள். பூமாரி அந்த நீலத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வரைபடம் வனத்துறைக் கூட்டத்துக்குப் போகும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் களை பிடுங்க ஆள் வரும். நீலத்துக்கு ஐந்து வருஷத்துக்கு யாரும் வர வேண்டியதில்லை.

சனிக்கிழமை பிற்பகல் மழை கொஞ்சம் விட்டிருந்தது. மகாராஜா வாசலில் உட்கார்ந்து ரப்பர் வெட்டும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பூமாரி போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"பாத்தீங்களா? நம்ம மலைக்கு அது வராதாம்."

"எது?"

"ஆனைத்தொட்டாவாடி. குளிரு விடாதாம்."

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டரு."

மகாராஜா சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "கம்ப்யூட்டருக்கு என் இடுப்புவலி தெரியாதுலா."

"அதுக்கும் ஒங்க இடுப்புக்கும் என்ன?"

"பின்னே? நீ போறதுக்கு முந்தின நாளு, ரெண்டு நாளு, நானல்லா போயி எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டு வாரேன். ஒண்ணு ஒண்ணா. பதினெட்டுலயும்."

பூமாரி நீட்டிய போனைத் தாழ்த்தினார்.

"எப்பருந்து?"

"மொதத் தடவ ஒடம்பெல்லாம் கீறிட்டு வந்தேல்லா. அதுலருந்து." மகாராஜா கத்தியைக் கீழே வைத்தார். மனைவியின் முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை. "எஸ்டேட்டுத் தொர மல பாக்க வாராருன்னா முந்தின நாளே கங்காணி எங்களப் பத்திவிட்டு வழி முழுக்கச் சுத்தம் பண்ணுவாரு. தொர கால்ல ஒரு முள்ளு படப்பிடாது. இருபது வருசம் அந்த வேல பாத்தவன் நான். இப்ப இந்த மலைக்குத் தொர யாரு? நீதானே."

"வெட்டுன அடிக்கட்ட ஒண்ணுகூட நான் பாக்கலியே."

"வெட்டுனா மறுக்கா முளைக்கும்லா. நான் களவெட்டுக்காரன் ஏட்டி. வேரோட எடுத்து, ஓடைக்கு அங்கிட்டுக் கொண்டு போட்டுருவேன். ஒண்ணும் தெரியாது."

மண் கிளறிக் கிடந்தது பூமாரிக்கு ஞாபகம் வந்தது. பல கட்டங்களில் பார்த்திருக்கிறார். காட்டுப்பன்றி என்று நினைத்து, குறிப்பு எழுதும் இடத்தில் 'பன்றி' என்றே எழுதியிருக்கிறார்.

கட்டத்துக்கு வெளியே, ஓடைச்சரிவில், தூரத்தில் ஒன்றிரண்டு புதர்களையும் பார்த்ததுண்டு. ஆனால் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் எழுத வேண்டும். ஆபீஸ் சட்டம் அது. உறுத்தலைச் சட்டத்தின் மேல் போட்டுவிட்டு நடந்திருக்கிறார்.

"சந்தோசப்படுவேன்னு நெனச்சேன்," என்றார் மகாராஜா, இப்போது முகத்தைப் பார்த்துவிட்டு.

பூமாரி உள்ளே போய் அரிசி களைந்தார். களைந்த அரிசியை மறுபடி களைந்தார். பிறகு வெளியே வந்து, நின்றபடியே பேசினார்.

"நான் இல்லைன்னு எழுதுனது பொய்யாப் போச்சு."

"நீ கண்டத எழுதுன. அதுல என்ன பொய்யி?"

"குளிரு தடுக்குன்னு கம்ப்யூட்டரு படிச்சு வச்சிருக்கு. தடுத்தது நீங்க."

"அதொண்ணும் சாரமில்ல. நான் சாவுற வர பிடுங்குதேன். யாருட்டயும் சொல்லாண்டாம். ஒனக்கு வேல போயிரும்."

"கட்டத்துக்குள்ள பிடுங்குவீங்க. வெளிய?"

மகாராஜா தீட்டுக்கல்லைத் துடைத்தார்.

"வெளிய எப்பிடிக் கெடக்குன்னு கேக்கேன்."

"ஓடைக்கு அங்கிட்டு..." என்று ஆரம்பித்து, கையை விரித்துக் காட்டினார். இரண்டு கையும் போதவில்லை.

வாயைத் திறக்காமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. வரைபடம் போகும், வேலை நிலைக்கும், களை பிடுங்க மலைக்கு ஐந்து வருஷம் யாரும் வர மாட்டார்கள். அதற்குள் அந்த விரித்த கை எவ்வளவு தூரம் போயிருக்கும்? சொன்னால், பதினெட்டுக் கட்டத்தின் அடியிலும் இருப்பது பூமாரியின் கையெழுத்து. அடுத்த வருஷ ஒப்பந்தம் இன்னும் போடவில்லை. அதைவிட, எழுதினவளை நம்பித்தான் வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்ன ஒருத்தியின் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும்.

போனில் சொல்லலாம்தான். லயத்திலிருந்து கொஞ்சம் இறங்கினால் டவர் கிடைக்கும். பூமாரி ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் ஏறினார். பின்னாலேயே தேய்த்த சட்டையோடு மகாராஜாவும் ஏறினார்.

"நீங்க எங்க?"

"செஞ்சது நானு. நான்தான் சொல்லணும்."

"நீங்க சொன்னா தொர கதையில ஆரம்பிச்சு மூணு மணிக்கூறு சொல்லுவீங்க."

"நீ சொன்னா அழுவ."

விதுரை, நெடுமங்காடு, கிழக்கேகோட்டை. இருவரும் சேர்ந்து நகரத்துக்கு வந்து நாலு வருஷம் இருக்கும். யார் சொல்வது என்பது பஸ்ஸை விட்டு இறங்கும்வரை முடிவாகவில்லை. பழவங்காடிப் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்டதும் மகாராஜாவின் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பூமாரி சட்டையைப் பிடித்து இழுத்தார். "மொதல்ல காரியம். பொறவு தேங்கா."

கதவைத் திறந்த திவ்யலட்சுமி தலையில் எண்ணெயோடு நின்றார். "பூமாரி அக்கா! என்னாச்சு? யாருக்காவது உடம்பு சரியில்லையா? உள்ள வாங்கோ, வாங்கோ."

காபி வந்தது. மகாராஜா டம்ளரைக் கையில் எடுக்கும் முன்பே தொடங்கிவிட்டார். "மேடம், தப்பு முழுக்க எம்மேல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எஸ்டேட்டுல தொர வரும்போது—"

"நீங்க சும்மா இருங்க," என்றார் பூமாரி. பிறகு சொன்னார். ஐந்து நிமிஷத்துக்குள் சொல்லி முடித்தார். அழவில்லை. ஓடைப் பக்கத்துப் புதர்களைத் தான் பார்த்ததையும், எழுத இடமில்லை என்று விட்டதையும் சேர்த்துச் சொன்னார். அதை யாரும் கேட்டிருக்கவில்லை.

திவ்யலட்சுமி எழுந்து போய் லேப்டாப்பை எடுத்து வந்தார். பூமாரியின் கட்டங்களைத் திரையில் திறந்தார்.

"பதினொரு சுத்து. பதினெட்டுக் கட்டம். நூத்தித் தொண்ணூத்தெட்டு 'இல்லை'." குரல் தாழ்ந்திருந்தது. "நான் அந்தக் கோட்டைப் பாத்து எவ்வளவு குதிச்சேன். குளிர்னு நெனச்சேன். அண்ணா நடந்து போய்ப் பிடுங்கற தூரம் அது."

மகாராஜா டம்ளரை வைத்தார்.

"நாளைக்கு மத்தியானம் வந்து சொல்லியிருந்தேள்னா?"

"அதுக்குத்தான் இன்னைக்கு வந்தேன் மேடம்."

திவ்யலட்சுமி மறுபடி திரைக்குத் திரும்பினார். குறிப்புப் பகுதியை மேலிருந்து கீழே ஓட்டினார். திடீரென்று விரல் நின்றது. "இதென்ன அக்கா, இவ்வளவு பன்னி? எழுபத்தாறு இடத்துல 'மண் கிளறல், பன்றி'ன்னு எழுதியிருக்கேள்."

பூமாரி தலையைக் குனிந்துகொண்டார். மகாராஜா தொண்டையைச் செருமினார்.

"அது... நாந்தான் மேடம்."

முதலில் திவ்யலட்சுமிக்குப் புரியவில்லை. புரிந்ததும் அடக்க முடியாமல் சிரித்தார். சிரிப்பு முடியும்போது கண் கலங்கியிருந்தது. சிரிப்பாலா வருத்தத்தாலா என்று சொல்ல முடியாது. "ஆத்துக்காரரைப் பன்னின்னு எழுதிண்டே இருந்திருக்கேள், மூணு வருஷமா!"

"ஒரு தடவகூட எங்கிட்ட கேக்கல மேடம்," என்றார் மகாராஜா. "கேட்டிருந்தா சொல்லியிருப்பம்லா."

எந்தக் கட்டத்தில் எவ்வளவு பிடுங்கினார் என்று கேட்டபோது அவர் யோசிக்கவே இல்லை. முப்பத்தொன்றாம் கட்டத்தில் எப்போதும் ஒரு சுமை. பாறையோரக் கட்டத்தில் மூன்றோ நாலோ. உச்சியில் உள்ள இரண்டில் முதல் வருஷம் ஒன்றும் இல்லை. போன வருஷம் வந்துவிட்டது. திவ்யலட்சுமி எழுதிக்கொண்டே வந்து, உச்சிக் கட்டங்களில் நின்றார். மேலே ஏறுகிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தானே மூன்று வருஷம் ஆபீஸ் காத்திருந்தது.

"உங்க ஞாபகத்தை நான் நம்பறேன் அண்ணா. ஆனா கம்ப்யூட்டர்ல போட முடியாது. முதல்லேர்ந்து எண்ணணும்."

திங்கட்கிழமை கூட்டத்துக்குப் போன வரைபடத்தில் போனக்காட்டின் மேல் நீலம் இல்லை. சாம்பல் நிறம் இருந்தது. ஓரத்தில் அதற்கு அர்த்தம் எழுதியிருந்தது: தெரியாது. அந்தப் பகுதிக்கான முடிவை டிசம்பர் வரை தள்ளிவைத்தார்கள். திவ்யலட்சுமி நடந்ததை ஒன்று விடாமல் மேலே எழுதிக் கொடுத்தார். பூமாரிக்கு ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாத ஒப்பந்தம் வந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கட்டக் காகிதத்தில் புதிதாக இரண்டு வரிகள் சேர்ந்தன: கட்டத்துக்கு வெளியே கண்ணில் பட்டது என்ன? யாராவது பிடுங்கினார்களா, யார், எப்போது?

மகாராஜாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. சம்பளம் கிடையாது, ரொம்பக் கஷ்டமான வேலை. செப்டம்பர் வரை கட்டங்களில் கை வைக்கக் கூடாது. மொட்டு வைத்தால் அன்றே சொல்ல வேண்டும். எண்ணி முடித்ததும் பிடுங்கிவிடலாம். காய்க்க விடக் கூடாது, விதை விழுந்தால் மண்ணுக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும்.

"சும்மா பாத்துட்டு நிக்கணுமா?" என்று அவர் ஞாயிற்றுக்கிழமையே திவ்யலட்சுமி வீட்டுக் கூடத்தில் கேட்டபோது குரலில் உண்மையான வேதனை இருந்தது.

ஜூலை முழுக்க மழை. மகாராஜா ஒருநாள் விட்டு ஒருநாள் மலை ஏறினார். முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, நாடாவுக்கு வெளியே நின்று பார்த்தார். முளை வந்தது. முழங்கால் உயரம் வந்தது. ஆகஸ்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கீழே வினீத் பார்க்கும்போதெல்லாம், விவசாயியிடம் இந்த வருஷ விளைச்சலை விசாரிப்பதுபோல் மலையாளத்தில் கேட்டான்: "அண்ணே, கிருஷி எங்ஙனெ? இந்தக் கொல்லம் நல்ல விளவா?"

"போடேய். ஒன் கட்டத்தப் போயிப் பாரு."

வீட்டுக்கு வந்தால் பூமாரியிடம் புலம்பல். "இன்னைக்கு ஒரு கொடி காட்டு நெல்லி மேல ஏறிட்டு ஏட்டி. சின்னக் கன்னு. அத மட்டும் எடுத்து விட்டா என்ன?"

"விட்டா நான் எழுதுவேன். யாரு, எப்பன்னு."

"எழுதிரவா செய்வ?"

"பேரையும் சேத்து எழுதுவேன். இந்தத் தடவ பன்னின்னு எழுத மாட்டேன்."

ஓண விடுமுறை முடிந்த வாரம், ஒரு காலையில் மகாராஜா மூச்சு வாங்க இறங்கி வந்தார். "முப்பத்தொண்ணுல மொட்டு." பூமாரி அடுப்பை அணைத்துவிட்டு உப்பையும் புகையிலையையும் எடுத்தார்.

கட்டத்துக்குள் நுழைந்ததும் முள் சட்டையைப் பிடித்தது. உள்ளே போகப்போகக் கையைப் பிடித்தது, கழுத்தைப் பிடித்தது. தொட்ட இடமெல்லாம் இலை மூடிக்கொண்டது. சின்ன வயதில் இந்தச் சரிவில் அவர் விறகு பொறுக்கியிருக்கிறார். ஒவ்வொரு தண்டையும் அடிவரை குனிந்து பார்த்து எண்ணினார். வெளியே நாடாவைப் பிடித்துக்கொண்டு நின்ற மகாராஜா, "வலத்து, வலத்து... ஒன் கழுத்துக்குப் பக்கத்துல," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

"எண்ண விடுங்க. தப்பிப் போயிரும்."

எண்ணி முடித்ததும் பூமாரி பேடை எடுத்தார். 'உண்டு' என்று எழுதினால் இந்த மலைக்கு என்ன நிறம் வரும் என்று இப்போது அவருக்குத் தெரியும். எழுதினார். பக்கத்தில் இருபத்தாறு.

"முடிஞ்சுதா?" என்றார் மகாராஜா. "பிடுங்கட்டா?"

"இருங்க. இன்னொரு தடவ எண்ணிக்கிடுதேன்."

மறுபடி எண்ணினார். இருபத்தேழு. ஒன்று நெல்லிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. ஆறை அடித்து ஏழாக்கி, வெளியே கண்ணில் பட்டதை எழுதும் இடத்தில் ஓடை வரை என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பேடை உறைக்குள் தள்ளினார்.

"இப்ப வாங்க."

மூன்று மாதம் கட்டி வைத்த கை. மகாராஜா நாடாவைத் தாண்டிக் குனிந்து, முதல் செடியின் அடியில் விரலை நுழைத்து, வேரோடு எடுத்தார். பூமாரி எதிர் மூலையிலிருந்து தொடங்கினார்.

"நீ எதுக்கு? அங்கிட்டு முள்ளு ஜாஸ்தி. வெளிய நில்லு."

"ஒங்க பக்கத்தப் பாருங்க," என்றார் பூமாரி. "ஒண்ணு வேரு அறுந்து உள்ள நிக்கி."